கிள்ளைக் கடலில் மாப்பிள்ளை மரியாதை

மஸ்கட்டில் விமானம் ஏறும்போது என் மனைவி எனக்குக் கொடுத்தனுப்பிய வேலை ஒன்றே ஒன்றுதான். திரும்பி வரும்போது அவள் தம்பி சக்திவேலின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும். நான் வேலை பார்க்கும் கேட்டரிங் கம்பெனியின் கிடங்கில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கிடங்குக்கு நான்தான் பொறுப்பு. நான் கைகாட்டுகிற ஆளை எடுத்துக்கொள்வார்கள். சக்திவேலோ சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் கயாக் விட்டுக்கொண்டிருக்கிறான். பிளாஸ்டிக்கில் செய்த குறுகலான சின்னப் படகு அது. மேலே கூரை கிடையாது, மோட்டார் கிடையாது, துடுப்பு நம் கையில். வருகிறவர்களுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்து, கடலுக்குக் கூட்டிப்போய், ஓர் இரவு மணல்திட்டில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து மறுநாள் திருப்பிக் கொண்டுவருவது அவன் தொழில். கல்யாணமானவன், வீட்டில் பிள்ளை வேறு பிறக்கப்போகிறது, இது ஒரு பிழைப்பா என்பது என் மனைவியின் கட்சி.

போனில் நான் கேட்டபோதெல்லாம் சக்திவேல் ஒரே பதிலைத்தான் சொன்னான். "உங்க இஷ்டம் மாமா." அவன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவன் என் பேச்சைத் தட்டியதில்லை. அதனால் இந்தக் காரியம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு, கம்மாபுரத்தில் என் அண்ணன் வீட்டில் தின்றும் தூங்கியும் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவனிடமிருந்து போன் வந்தது. புதுச்சேரியில் சுற்றுலா நடத்துகிற ஒரு கம்பெனி இருக்கிறதாம். சென்னை, பெங்களூர் அலுவலகக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக இதுபோன்ற இடங்களுக்கு அனுப்புகிறார்களாம். அங்கிருந்து ஸ்டெல்லா என்கிற அம்மா வந்து ஒரு பயணத்தைக் கூடவே இருந்து பார்க்கப்போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் சக்திவேலுக்கு சீசன் முழுக்க ஆள் வரும். ஆனால் அந்த நாளுக்குப் பதிவு செய்திருந்த அண்ணாமலை நகர் மாணவர்கள் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒருத்தங்கள மட்டும் வச்சி படகு எடுத்தா, ஓடாத தொழில்னு நெனச்சிடுவாங்க மாமா. நீங்க டூரிஸ்ட்டா வந்துருங்க. நமக்குள்ள ஒறவுன்னு காட்டிக்க வேணாம்," என்றான். பிறகு, "அவுங்க வேணாம்னுட்டா நான் உங்ககூட மஸ்கட்டுக்கு வந்துடறேன்," என்றான்.

அவன் என்னிடம் உதவி என்று கேட்டது அதுதான் முதல் தடவை. போகாமல் இருக்க முடியுமா? அதோடு, எப்படிப் போனாலும் எனக்கு நஷ்டமில்லை என்றும் தோன்றியது.

காலையில் சேத்தியாத்தோப்பில் பஸ் மாறினேன். புவனகிரிக்கு முன்னால் டயர் பஞ்சர். ஐந்து நிமிஷம் என்றார் கண்டக்டர். மடியில் தேங்காய்ப் பையை வைத்திருந்த அம்மா ஒருத்தி, "போன வாட்டியும் அஞ்சி நிமிஷம்னுதான் சொன்ன. நான் போறதுக்குள்ள என் தங்கச்சிக்குத் தாலி கட்டி முடிச்சிட்டாங்க," என்றாள். கண்டக்டர் அவளுக்கு இருக்கை துடைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்தார். மஸ்கட்டில் கம்பெனி பஸ் தாமதமானால் ஆளுக்கு ஆள் போனை எடுத்துக் குனிந்துகொள்வோம். இங்கே டயர் மாட்டி முடிப்பதற்குள் அந்தத் தங்கச்சி எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், மாப்பிள்ளை என்ன வேலை என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது.

சிதம்பரத்தில் இறங்கியதும் முதல் காரியமாக இட்லியும் கொத்சும் சாப்பிட்டேன். சுட்ட கத்தரிக்காய் மணம் மூக்கில் ஏறியதும், பாலைவனத்தில் இத்தனை வருஷம் நான் குடித்த சாம்பாரையெல்லாம் நினைத்து என்மேலேயே பரிதாபம் வந்தது. மூன்றாவது தடவை கொத்சு கேட்டபோது பரிமாறியவர் வாளியையே பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வெளியே வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நான் சிதம்பரத்தில் இறங்கினால் சக்திவேல் பைக்கோடு நிற்பான். பஸ் நிற்பதற்குள் என் பையை ஜன்னல் வழியாக வாங்கிவிடுவான். அக்கா புருஷன் என்றால் எங்கள் பக்கத்தில் லேசான விஷயமில்லை. நாற்காலி அவருக்கு, காற்று வரும் இடம் அவருக்கு, முதல் சோறு அவருக்கு. அவர் எதிரில் மைத்துனன் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுவான். இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு அலைந்தபோது, பெரிதுதான் என்று தெரிந்தது.

கிள்ளையில் உப்பங்கழியோரம் ஓலைக் கொட்டகைக்குக் கீழே கயாக்குகள் கவிழ்ந்து கிடந்தன. சக்திவேல் என்னைப் பார்த்ததும் இரண்டு எட்டு ஓடிவந்து, நினைவு வந்தவனாக நின்றான். "வாங்க சார். உங்க பேரு?" என்று கேட்டான். பேரைச் சொன்னேன். பை என் தோளிலேயே இருந்தது.

ஸ்டெல்லா ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி, தலையில் பெரிய துணித்தொப்பி, கடலூர் முதுநகர்க்காரர். அதிகம் பேசவில்லை. ஆனால் லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றின் வாரையும் இழுத்துப் பார்த்தார், முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்துகளின் தேதியைப் படித்தார். எனக்கு எங்கள் கிடங்குக்கு வரும் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்து, என்னையறியாமல் நிமிர்ந்து நின்றேன்.

முதலில் கரையிலேயே பாடம். துடுப்பின் குழிந்த பக்கம் நம்மைப் பார்த்திருக்க வேண்டும். கையால் இழுக்கக்கூடாது, உடம்பைத் திருப்பி இழுக்க வேண்டும். அலை பக்கவாட்டில் வந்தால் பயந்துகொண்டு எதிர்ப்பக்கம் சாயக்கூடாது. அலை வருகிற பக்கமே சாய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். "சார், நீங்க துடுப்பத் தலகீழா புடிச்சிருக்கீங்க," என்று என்னைத் திருத்தவும் செய்தான். பதினைந்து வருஷத்தில் அவன் என்னைத் திருத்தியதில்லை. சரியாகப் பிடித்தேன், ஆனால் மெதுவாகப் பிடித்தேன்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சேர்த்து இரண்டு பேர் உட்காரும் கயாக். கனமான ஆள் பின்னால் உட்கார வேண்டுமாம். அது யார் என்று யாரும் விவாதிக்கவில்லை. பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்ப வேண்டும் என்பதைத் தண்ணீரில் இறங்கிய பிறகு சொன்னான். கூடாரமும் சமையல் சாமானும் கட்டிய ஒற்றைக் கயாக்கில் அவன் முன்னால் போனான்.

கழிக்குள் தண்ணீர் அசையவே இல்லை. இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு, சேற்றில் ஊன்றிய வேர்கள், வேர்களில் கொக்குகள். தில்லை மரத்தைக் காட்டி, பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்காதீர்கள் என்றான் சக்திவேல். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் படகை நேராக ஒரு சுரபுன்னைப் புதருக்குள் விட்டேன். ஸ்டெல்லா தொப்பியிலிருந்து இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, "சார், இந்தப் பக்கம் வழி இல்ல," என்று அமைதியாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இருவர் துடுப்பும் ஒரே தாளத்துக்கு வந்தன.

கழி கடலில் சேருகிற முகத்துவாரத்தைத் தண்ணீர் நிறைந்து நிற்கும் பிற்பகலில் தாண்டினோம். ஒரு பக்கம் மணல் மேடு, மறுபக்கம் ஆழமான ஓட்டம். ஆழத்தின் நிறம் வேறு, மேட்டின் நிறம் வேறு என்று காட்டினான். அப்புறம் திடீரென்று இரண்டு பக்கமும் எதுவும் இல்லை. கடல் எங்களை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கியது. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் கடற்கரைக்குப் போவேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர், பளிங்கு நடைபாதை, கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். இந்தக் கடல் கலங்கல். ஆனால் நான் அதன் மேலே உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, இரண்டையும் வெளியே சொல்லாமல் துடுப்புப் போட்டேன்.

காட்டுக்குள் இரவு தங்க அனுமதி கிடையாது. அதனால் கடலோர மணல்திட்டில், பக்கத்து மீனவக் கிராமத்தாரிடம் கேட்டுப் பெற்ற இடத்தில்தான் முகாம். சவுக்குத் தோப்பு ஒன்று, காயப்போட்ட வலைகள், தூரத்தில் நாய்கள். கூடாரம் போடுவதை நாங்களே செய்ய வேண்டும், அதுவும் பாடத்தில் சேர்த்தி. என் கூடாரம் இரண்டு தடவை படுத்துவிட்டது. கழிவறை எங்கே என்று கேட்டபோது சக்திவேல் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மண்வெட்டியைக் கொடுத்து சவுக்குத் தோப்பைக் காட்டினான். முதல்முறை போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டெல்லாவை அசத்துவதற்காகக் கிராமத்திலிருந்து ஒரு பெரிய கொடுவா மீன் வாங்கி வைத்திருந்தான் சக்திவேல். குழம்பு கொதிக்கும்போதே எனக்கு நாக்கில் நீர் ஊறியது. இலை போட்டதும் ஸ்டெல்லா, "எனக்கு ரசம் போதும் தம்பி. தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கவிச்சி கெடையாது," என்றார். பாவம், அவன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ரசமும் அப்பளமும் மட்டும்தான் வேறு இருந்தன. அவர் கவலைப்படாமல் அதையே ரசித்துச் சாப்பிட்டார்.

தப்பு அங்கே ஆரம்பித்தது, அதைச் செய்தது நான்தான். அவன் முதலில் அவருக்குப் பரிமாறினான். விருந்தாளி அவர், நியாயம்தான். அப்புறம் அவருக்கு அப்பளம். அப்புறம் தண்ணீர். நான் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு வந்தபோது, "எனக்குப் பசியில்ல," என்று சொல்லி இலையைத் தள்ளி வைத்தேன். எந்த டூரிஸ்ட்டும் அப்படிச் செய்யமாட்டான். எந்த மாப்பிள்ளையும் செய்வான்.

சக்திவேல் பதறிப்போனான். கரண்டியோடு என் எதிரில் வந்து நின்றான். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கினான். "கொஞ்சம் சாப்புடுங்க. ஒங்களுக்குன்னுதான் தலய எடுத்து வச்சிருக்கேன்," என்றான். மீன்தலை என் இலைக்கு வந்தது, நடுத்துண்டம் வந்தது, வால் துண்டமும் வந்தது. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை உட்காரவில்லை. நானும் இருந்த கோபமெல்லாம் போய், தலையை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவுக்குத்தான் மீன் கிடையாதே, அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவி வந்ததும் அவர், "இவரு உங்க அக்கா வீட்டுக்காரரா, தம்பி?" என்று கேட்டார்.

சக்திவேல் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நான் கடலூர்ல பொறந்து வளந்தவ. எங்க வீட்டுலயும் மாப்பிள்ளைங்க இருக்காங்க," என்றார் அவர். குரலில் கோபமில்லை. சக்திவேல் மன்னிப்புக் கேட்டு, மாணவர்கள் வராமல் போனது முதல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். நானும் ஏதோ முணுமுணுத்தேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"பொய் சொன்னது இருக்கட்டும். எனக்கு வேற ஒண்ணுதான் யோசனையா இருக்கு. நான் அனுப்பற ஆளும் உங்க மாமாவும் ஒரே நேரத்துல தண்ணியில வுழுந்தா, நீங்க யாரப் பாப்பீங்க?"

சக்திவேல் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான். விருந்தாளியை என்று என் எதிரில் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. மாமாவை என்று சொன்னால் தொழில் போயிற்று. அவர், காலையில் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார்.

பாயில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. இவர் வேண்டாம் என்று சொல்லப்போகிறார், இவன் என்னோடு மஸ்கட் வரப்போகிறான், மனைவி மகிழ்ச்சியடைவாள். எனக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி வரவில்லை. ஒரு பிடி சோற்றுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்ட ஆள் காலையில் திருந்தியிருக்க வேண்டும். விடியும்போதே சக்திவேல், தண்ணீர் வற்றத் தொடங்குவதற்குள் முகத்துவாரத்தைத் தாண்டிவிட வேண்டும், வற்றும்போது இழுப்பு ஜாஸ்தியாக இருக்கும் என்று சொன்னான். ஸ்டெல்லா கூடாரத்தை மடித்து வைத்துவிட்டுத் தயாராக நின்றார். நான் வரக்காப்பி குடித்தேன். மண்வெட்டியோடு தோப்புக்குப் போனேன்; பழக்கமில்லாத இடம், நேரம் பிடித்தது. திரும்பி வந்து இன்னொரு காப்பி கேட்டேன். சக்திவேல் கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அடுப்பைப் பற்றவைத்தான். சீக்கிரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? ஸ்டெல்லா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. நேற்றைவிட நன்றாகத் துடுப்புப் போட்டோம். கரையோரமாக வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையசைத்தார்கள். முகத்துவாரம் வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கழித் தண்ணீர் வேகமாக வெளியே வந்துகொண்டிருந்தது, கடல் அலை உள்ளே போகப் பார்த்தது. இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் தண்ணீர் குட்டிக்குட்டியாக எழுந்து நின்றது. மணல் மேட்டை ஒட்டியே வாங்க என்று முன்னாலிருந்து கத்தினான் சக்திவேல். மேட்டுப் பக்கம் திருப்பினேன், பாதி திரும்பியது. பக்கவாட்டில் ஓர் அலை வந்தது. பெரிய அலை ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் சாயக்கூடாது என்று அவன் அத்தனை தடவை சொன்னானோ அந்தப் பக்கமே சாய்ந்தேன்.

படகு கவிழ்ந்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. லைஃப் ஜாக்கெட் என்னை மேலே கொண்டுவந்தது. கையில் படகின் கயிறு மாட்டியது, பிடித்துக்கொண்டேன். சார், மேடம், வேஷம் எல்லாம் மறந்து, "மச்சான்! மச்சான்!" என்று உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

அவன் படகைத் திருப்பிக்கொண்டு வேகமாக என்னை நோக்கி வந்தான். கையை நீட்டினேன். அவன் துடுப்பு என் காதோரம் தண்ணீரை வாரி அடித்தது. நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல் கத்தினான்.

"யோவ் மாமா, கால ஊணுய்யா! இடுப்புத் தண்ணிதான்! படகப் புடிச்சிக்கிட்டு அங்கயே கெட!"

காலை ஊன்றினேன். மணல் தட்டுப்பட்டது. எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது.

ஸ்டெல்லா மறுபக்கம் விழுந்திருந்தார், ஆழமான ஓட்டத்தில். ஜாக்கெட் தாங்கிக்கொண்டிருந்தது, ஆனால் இழுப்பு அவரைக் கடல் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கத்தவில்லை, முகத்தை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தார். சக்திவேல் அவர் பக்கத்தில் போய்ப் படகின் முன்பிடியைப் பிடிக்கச் சொன்னான். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஓட்டத்தை எதிர்த்து அவன் துடுப்புப் போடவில்லை. குறுக்காக, சாய்வாக, மேட்டைப் பார்த்துப் போட்டான். இருவரும் என்னிடமிருந்து வெகு தூரம் கடல் பக்கம் தள்ளிப்போய் மணலில் ஏறினார்கள். அவர் உட்கார்ந்து இருமினார், அவன் பக்கத்திலேயே குந்தி அவர் மூச்சைக் கவனித்தான். என் பக்கம் திரும்ப அவனுக்கு அப்புறமும் நேரமாயிற்று. நான் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்திலேயே கிடந்தேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. யோவ் என்றான், கெட என்றான், அதுவும் ஓர் அந்நியப் பெண்மணி கேட்க. "மாமா, அடி கிடி படலியே?" என்று அவன் ஓடிவந்து கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படகை நிமிர்த்தி, மேட்டோரமாகக் கயிறு கட்டி இழுத்து, மறுபடி ஏறிக் கழிக்குள் போகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை. அமைதியான தண்ணீரில் துடுப்புப் போடப் போடத்தான் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்கு நிற்க இடமிருக்கிறது, அவருக்கு இல்லை என்பதை அவன் கண்மூடித் திறக்கும் நேரத்தில் பார்த்துவிட்டான். நான் மச்சான் என்று கத்தியதும் அவன் காதில் விழுந்துதான் இருக்கும். விழுந்தும் போயிருக்கிறான்.

கிள்ளையில் கரையேறி உடை மாற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனோம். பருப்பு வடை சூடாக வந்தது. ஸ்டெல்லா ஒன்றைத் தின்று முடித்து இன்னொன்று வாங்கினார். அவர் தொப்பி கடலோடு போய்விட்டிருந்தது.

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்," என்றார் சக்திவேலிடம். சித்திரையிலிருந்து ஆள் அனுப்புவதாகச் சொன்னார், மூன்று நிபந்தனைகளோடு. உதவிக்குத் தேர்ந்த ஆள் ஒருவரைக் கட்டாயம் போட வேண்டும். கடல் மாறுகிற நேரத்தில் யாராவது சாவகாசமாகக் காப்பி குடித்தால், யாராக இருந்தாலும் சத்தம் போட வேண்டும். சொந்தக்காரர்களை டூரிஸ்ட் என்று கொண்டுவரக்கூடாது. இதைச் சொல்லும்போது என் பக்கம் வடைத் தட்டை நகர்த்தினார். எடுத்துக்கொண்டேன். சக்திவேலுக்குக் கண் கலங்கிவிட்டது, டீக்கடைக்காரரிடம் ஏதோ கேட்கப் போகிற மாதிரி எழுந்து போனான்.

மாலையில் என்னை பைக்கில் சிதம்பரம் கொண்டுவந்தான். பஸ் ஸ்டாண்டில் பழையபடி எல்லாம் நடந்தது. என் பை அவன் தோளில், ஜன்னலோர இருக்கையில் அவன் துண்டு, வழிக்குத் தண்ணீர் பாட்டிலும் கடலை மிட்டாயும். நான் ஏறி உட்கார்ந்ததும் கீழே ஜன்னலோரம் வந்து நின்றான். வழக்கமாக நின்று அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்பான். அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தான்.

"மாமா, நான் மஸ்கட்டுக்கு வரல."

கம்பெனி ஆள் அனுப்புகிறது, அதனால் வரவில்லை என்று அவன் காரணம் சொல்லவில்லை. வரவில்லை என்று மட்டும் சொன்னான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் மறுப்பு அது.

"இத போன்லயே சொல்லியிருக்கலாமே மச்சான்?" என்றேன். "நான் கேக்கறப்பல்லாம் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னியே?"

"அப்ப சொல்ல முடியல மாமா," என்றான்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் கம்பியை விட்டான். பஸ் புவனகிரியைத் தாண்டியதும் என் மனைவிக்குப் போன் போட்டேன். உன் தம்பி வரமாட்டான், அவனை ஒன்றும் கேட்காதே, கேட்பதையெல்லாம் என்னிடம் கேள் என்று சொன்னேன்.